சைக்கிள் பாதை மீது போட்ட வழக்கை உடனே நிறுத்தவும்

மதுரையில் வக்கீல் தொழில் பார்க்கும் மாப்பிள்ளை முத்துராஜா அவர்களுக்கு, உங்கள் அக்கா புருஷன் சுந்தரலிங்கம் மேகமலை அடிவாரத் தோட்டத்திலிருந்து எழுதுவது.

இங்கே நான், உங்கள் அக்கா ஜோதிலட்சுமி, கறவை எருமை மூவரும் சுகம். அங்கே தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வீரபாண்டி கௌமாரியம்மன் காவல் இருப்பாளாக. இங்கே பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. இலவங்காய்கள் மரத்திலேயே வெடித்து, தோப்பு முழுக்க வெள்ளைப் பஞ்சு தொங்குகிறது. என் வலது முழங்கால் பழையபடியே இருக்கிறது. போனில் பேசலாம் என்றால் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் "ஜட்ஜ் வந்துட்டாரு மச்சான்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகூட உங்களுக்கு ஜட்ஜ் வருகிறார். ஆகவே கடிதம்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் தோப்பு வேலியோரமாக வந்து இறங்கும் சைக்கிள் பாதையை மூடச் சொல்லி, வனத்துறையையும் சைக்கிள்காரர்களையும் எதிர்த்து என் பெயரில் நீங்கள் போட்ட வழக்கை உடனே வாபஸ் வாங்கிவிடுங்கள். "மச்சானுக்கு வெயில்ல கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று நீங்கள் சொல்வது இங்கன கேட்கிறது. பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் அது வெயிலால் அல்ல.

இந்த வழக்கில் உங்களிடம் பாதிதான் சொன்னேன். மிச்சப் பாதி எனக்கு எதிராக இருந்ததால் சொல்லவில்லை. இப்போது முழுசாகக் கேளுங்கள். தேனியிலிருந்தும் பழனிசெட்டிபட்டியிலிருந்தும் கொஞ்சம் பேர் ஞாயிறு ஞாயிறு, தோப்புக்குப் பின்னால் குன்றாக நிற்கும் நம் கரட்டில் சைக்கிள் ஓட்ட வருவார்கள். அது சைக்கிளே இல்லை. ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, மணிகூடக் கிடையாது, டயர் மட்டும் டிராக்டருக்குத் தம்பி மாதிரி இருக்கும். அதில் ஏறிக்கொண்டு கரட்டில் கண்ட இடத்தில் இறங்கினார்கள். இறங்கிய தடத்திலெல்லாம் மழைத்தண்ணீர் ஓடி மண் அரித்தது. அதுவரைக்கும் நான் உங்களிடம் சொன்னது நிஜம். அதற்குப் பிறகு புதிதாக ஒரு ரேஞ்சரம்மா மாற்றலாகி வந்தார்கள், பெயர் பாண்டீஸ்வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கரட்டடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இறங்கி வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து வரிசையாக நிறுத்திவிட்டார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பரம சந்தோஷம்.

அந்த அம்மா அபராதம் போட்டார்கள். போட்டுவிட்டு, போகச் சொல்லாமல் பேச ஆரம்பித்தார்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களை விரட்டுனா அடுத்த வாரம் வேற பக்கமா இறங்குவீக. எனக்கு இருக்குற ஆள வச்சு மலைக்குக் காவல் பாப்பேனா, உங்களுக்குக் காவல் பாப்பேனா?" என்று கேட்டார்கள். பிறகு ஒரு ஏற்பாடு சொன்னார்கள். மேலே யானையும் காட்டுமாடும் நடமாடும் பெரிய காட்டுக்குள் ஒரு சக்கரம் நுழையக் கூடாது. கீழே கரட்டில் மட்டும் பழைய தீத்தடுப்புக் கோடு ஒன்று இருக்கிறது. ஒருபக்கம் பிடித்த தீ மறுபக்கம் தாவாமல் இருக்க, புல்லையும் புதரையும் வெட்டிச் சுத்தமாக விட்டிருந்த வழி அது. இப்போது உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அதைச் சைக்கிள்காரர்கள் வெட்டித் திறக்க வேண்டும், கோடையில் சருகு வாரிப்போட வேண்டும், மழைக்கு முன்னால் தண்ணீர் ஒதுங்க வழி செய்ய வேண்டும், கண்டபடி போட்ட தடங்களை அவர்களே முள்போட்டு மூட வேண்டும். இத்தனையும் செய்தால் அந்த ஒரே ஒரு வழியில் பகலில் ஓட்டிக்கொள்ளலாம். அவர்கள் வனத்துறை கேட்டை மூடிய நாளில் மூச்சுவிடக் கூடாது. சைக்கிள்காரர்களுக்குத் தலைவர் யார் தெரியுமா? பழனிசெட்டிபட்டியில் என் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய டாக்டர் திலீபன்தான். "சரிங்க மேடம்" என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். அவர் எதிரில் நான் வாயைத் திறந்தே பழக்கம், பேசிப் பழக்கமில்லை. அன்றும் பேசவில்லை.

அந்தக் கோடு வந்து இறங்குவது நம் வேலியோரம் என்று தெரிந்ததும் உங்களுக்குப் போன் போட்டேன். முதல் ஞாயிறு அவர்கள் தலைக்கவசமும் கண்ணாடியுமாக வரிசையாக இறங்கி வந்ததைப் பார்த்து எருமை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், அன்று சாயங்காலம் பால் கொடுக்க மறுத்ததும் உண்மை. ஆனால் அதை நீங்கள் "கால்நடைகளுக்கு ஏற்படும் கடுமையான மன உளைச்சல்" என்று மனுவில் எழுதியதை உங்கள் அக்காவிடம் வாசித்துக் காட்டியது என் தப்பு. "எருமைக்கு மன உளைச்சலாம்ல! இந்த வீட்டுல முப்பது வருசமாக் கெடக்கேன், எனக்கு என்னைக்காவது ஒரு மனு எழுதுனானா என் தம்பி?" என்று கேட்டாள். பதில் எழுதும்போது அதற்கும் ஒரு வரி எழுதவும்.

இன்னொன்றையும் மறைத்தேன். வழக்குத் தாமதமாகிறதே என்று, ஒரு மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து கருவேல முள்ளை வெட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பாதையின் வாயில் பரப்பி அடைத்துவிட்டு வந்தேன். கையெல்லாம் கீறல். ஞாயிற்றுக்கிழமை வேலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கக் காத்திருந்தேன். டாக்டர் வந்தார், முள்ளைப் பார்த்தார், நேரே என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, இந்தப் பழைய அரிச்ச தடத்த மூடத்தான் முள்ளு தேடிக்கிட்டு அலைஞ்சோம். நீங்களே போட்டுட்டீக. எங்களுக்கு இப்பிடி அடர்த்தியாப் போட வராது." நான் அடைத்தது பாதையையே இல்லையாம் மாப்பிள்ளை, பக்கத்தில் இருந்த வீணாய்ப்போன தடத்தையாம்! என்னை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். ரேஞ்சரம்மா வந்து, "உங்களை மாதிரி ஒத்துழைப்பு குடுக்குற பட்டாதாரரைப் பாத்ததில்லைங்கய்யா" என்றார்கள். கோர்ட் நோட்டீஸ் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த நாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "மச்சான், பாதை அரிச்சுக் கெடக்குற மாதிரி நாலு போட்டோ எடுத்து அனுப்புங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள் அல்லவா? போன ஞாயிறு காலையில் செல்போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டில் காவலர் செல்லப்பாண்டி, பாதை போட உதவி செய்தவர் என்று எனக்கு வணக்கம் வைத்து உள்ளே விட்டார். பிறந்ததிலிருந்து இந்தக் கரட்டின் அடியில்தான் இருக்கிறேன், ஒருநாள்கூட ஏறினதில்லை. எனக்கு அது மழை எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க ஒரு சுவர், அவ்வளவுதான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், அரித்த இடம் தேடினேன். இல்லை. வளைவுக்கு வளைவு தேடினேன். இல்லை மாப்பிள்ளை! பாதை வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கிறது. தண்ணீர் சேர்ந்து வேகம் பிடிப்பதற்கு முன்னாலேயே ஒரு சின்னப் பள்ளம் வந்து அதைப் பக்கவாட்டில் அனுப்பிவிடுகிறது. அது விழுகிற இடத்தில் மண் கரையாமல் இருக்கக் கல்லைக் கையால் அடுக்கிப் பரப்பி வைத்திருக்கிறார்கள். நானும் ஆயுசு முழுக்க வாய்க்கால் வெட்டியவன். தண்ணீரை விருந்தாளி மாதிரி இத்தனை மரியாதையாக வழியனுப்பி நான் பார்த்ததில்லை. ஓரிடத்தில் வேங்கைமரம் ஒன்றின் வேர் குறுக்கே வர, வேரை வெட்டாமல் பாதையே ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போகிறது. ஊசி போடாமல் பல்லைப் பிடுங்குகிறவரோ என்று நான் சந்தேகப்பட்ட அந்த மனுஷன், ஒரு வேருக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்திருக்கிறார். வழக்குக்காக நான் எடுத்த போட்டோ ஒன்றே ஒன்று. அதிலும் என் செருப்புதான் விழுந்திருக்கிறது.

மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கம்பம் பள்ளத்தாக்கு முழுசும் காலடியில் கிடக்கிறது. ஆற்றோரம் நெல்வயல், அதற்கு இந்தப் பக்கம் திராட்சைப் பந்தல்கள், தென்னை, அந்தக் கோடியில் மேற்கு மலை நீலமாக நிற்கிறது. நடுவே கைக்குட்டை அளவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது நம் இலவந்தோப்பு. அந்தக் கைக்குட்டைக்காகவா மனு, கோர்ட், முள் என்று தோன்றியது. அப்போதுதான் புகை வாசம் வந்தது.

தெற்குச் சரிவில் காய்ந்த போதைப்புல் பற்றி எரிந்துகொண்டிருந்தது. யார் போட்ட நெருப்போ தெரியாது. காற்று தெற்கிலிருந்து வடக்கே அடிக்கிறது, வடக்கே கீழே நம் தோப்பு, தோப்பில் வெடித்த பஞ்சு. ஒரு பொறி போதும். ஏறி வந்த முழங்கால் இறங்க மாட்டேன் என்கிறது. "ஆத்தா, மாரியாத்தா" என்று கத்தினேன். கீழே கோட்டில் சருகு வாரிக்கொண்டிருந்த சைக்கிள்காரர்கள் அதற்குள் புகையைப் பார்த்துவிட்டார்கள். முதுகில் சருகு தள்ளும் வாரியையும் தண்ணீர்ப் பையையும் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே மேலே வந்தார்கள். அவர்கள் இறங்கித்தான் பார்த்திருக்கிறேன், ஏறிப் பார்த்ததில்லை. என் ஜீப்பே மூச்சுத் திணறும் மேட்டில் பல் டாக்டர் மிதித்துக்கொண்டு வருகிறார்! அவர்களுக்குப் பின்னால் செல்லப்பாண்டியும் மற்ற காவலர்களும் ஓடி வருகிறார்கள், அவர்களோடு ரேஞ்சரம்மாவும்.

என்னைப் பார்த்ததும் ரேஞ்சரம்மா, "ஐயா, நீங்க இங்கன என்ன செய்றீக?" என்று கேட்டார்கள்.

"பாதையப் பாக்க வந்தேம்மா" என்றேன். அது பொய்யும் இல்லை.

"இப்ப இறங்க வேணாம், இங்கதான் பத்திரம். டாக்டர், ஐயா கையில ஒரு வாரியக் குடுங்க. கோட்டுல ஒத்தச் சருகு இருக்கக் கூடாது. சைக்கிள்காரவுக யாரும் கோட்டைத் தாண்டிப் போகக் கூடாது. தீயை நாங்க பாத்துக்குவோம், எங்க முதுகை நீங்க பாத்துக்கங்க."

நான் வாரினேன் மாப்பிள்ளை. எந்தப் பாதையை மூடச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனேனோ, அந்தப் பாதையைக் குனிந்து குனிந்து சுத்தம் செய்தேன். தீ மேலே மேலே வருகிறது, சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி கேட்கிறது, முகமெல்லாம் காந்துகிறது. அந்த நேரம் பார்த்து செல்லப்பாண்டி கோட்டின் ஓரத்தில் நின்று, தீ வரும் பக்கத்துப் புல்லில் தானே நெருப்பு வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏலே, இருக்குற நெருப்பு பத்தாதாலே?" என்று கத்திவிட்டேன்.

ரேஞ்சரம்மா திரும்பாமலே சொன்னார்கள்: "வர்ற தீக்குத் தின்ன எதுவும் மிஞ்சக் கூடாதுங்கய்யா. நாமளே எதுத்தாப்புல எரிச்சுக்கிட்டுப் போயிட்டா அது பட்டினியாச் செத்துரும். முதுகுப் பக்கம் சுத்தமா இருந்தாத்தான் இந்தத் துணிச்சல் வரும். போன வருசம் இந்தக் கோடு புதராக் கெடந்துச்சு, அப்ப இப்பிடி வந்திருந்தா தீய வச்சிருக்க மாட்டோம், ஓடித்தான் போயிருப்போம்."

செல்லப்பாண்டி வைத்த சின்னத் தீ தயங்கித் தயங்கித் தெற்கே நகர்ந்தது. பெரிய தீ வடக்கே வந்தது. இரண்டும் சந்தித்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரண்டு பனை உயரத்துக்கு எழும்பி ஒன்றையொன்று கட்டிப்பிடித்தது போல நின்றன. பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டன. சத்தம் நின்றுவிட்டது. எனக்குக் கோயிலில் திரை விலகும்போது நிற்பது போல இருந்தது. கையைக் கூப்பியிருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. வாரி கீழே கிடந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு பொறி காற்றில் வந்து நமக்கு இந்தப் பக்கம், என் காலுக்குப் பக்கத்துப் புல்லில் விழுந்தது. நான் தோளில் கிடந்த துண்டால் அடிக்க, துண்டு பிடித்துக்கொண்டது. துண்டை உதற, வேட்டி ஓரம் பிடித்துக்கொண்டது. டாக்டர் பாய்ந்து வந்து, முதுகுப் பையிலிருந்து வரும் ரப்பர்க் குழாயை அமுக்கி என்மேல் தண்ணீர் பீச்சினார். சைக்கிள்காரர்கள் அந்தக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவதைப் பார்த்து, பாவம், குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே ஓட்டுகிற நோயாளிகள் என்று உங்கள் அக்காவிடம் சொல்லியிருந்தேன். அது குடிதண்ணீர். எஞ்சிய வேட்டியைக் காப்பாற்றியது அதுதான்.

"பல்லுக்கு ஒண்ணும் ஆகலைல ஐயா?" என்று கேட்டார் டாக்டர். தொழில் பக்தி.

தீ முழுசாக அணைந்து, காவலர்கள் கங்கு தேடி மிதித்துக்கொண்டிருக்கும்போது, என்னை எப்படிக் கீழே கொண்டுபோவது என்று யோசனை வந்தது. முழங்கால் வீங்கிவிட்டது. கேரியர் இல்லாத சைக்கிள். டாக்டர் ஒரு பொத்தானை அமுக்கினார், சீட்டு தானாகக் கீழே இறங்கியது. "ஐயா, முன்னாடி பார்ல உக்காருங்க. மெதுவாப் போறேன். ரெண்டு கையாலயும் ஹேண்டில் நடுவுல பிடிச்சுக்கங்க, பிரேக்க மட்டும் தொட்டுறாதீக." என் அப்பா என்னைச் சின்னமனூர்ச் சந்தைக்குக் கூட்டிப்போனபோது பாரில் உட்கார்ந்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். தலையில் ரேஞ்சரம்மா தன் கையாலேயே ஒரு தலைக்கவசத்தை மாட்டிவிட்டார்கள். இடுப்பில் முக்கால் வேட்டி. கிளம்பினோம்.

மாப்பிள்ளை, அதை எப்படி எழுதுவேன்! ஒவ்வொரு வளைவிலும் விழுந்து சாகப் போகிறோம் என்று கண்ணை மூடினேன், ஒவ்வொரு வளைவும் கையில் ஏந்தி எங்களைத் திருப்பி விட்டது. பாதை சாய்ந்திருப்பது தண்ணீருக்காக மட்டும் இல்லையாம், மனுஷனுக்காகவும்தான். கல்மேல் ஏறினால் முன்சக்கரம் முழங்கால் மடக்குவது போல மடங்கி எழும்புகிறது. எனக்கு அந்த மாதிரி ஒரு முழங்கால் கொடுத்திருக்கலாம் ஆண்டவன். பாதி வழியில் கண்ணைத் திறந்தேன், பிறகு மூடவில்லை. இடது பக்கம் கரடு முழுக்கக் கறுப்பு, புகை. வலது பக்கம் பச்சை, அதற்குக் கீழே நம் தோப்பு, ஒரு பஞ்சுகூடக் கருகாமல் வெள்ளை வெளேரென்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்தால் நிறையும் அகலத்தில் இந்தப் பாதை. அவ்வளவுதான் இருந்தது நடுவில்.

கீழே உங்கள் அக்கா, அக்கம் பக்கத்துப் பெண்களோடு, குடம் குடமாகத் தண்ணீரை வேலியோரம் நிறுத்திப் பச்சைக் கொப்போடு காத்திருந்தாள். நான் தலைக்கவசத்தோடு பாரில் வந்து இறங்கியதும் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"யாருய்யா அது? ... ஆத்தாடி! என்னங்க இது கோலம்? வேட்டி எங்க?"

"கரட்டுல கெடக்கு. தோப்பு பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. நீங்க எதுக்கு அழுகுறீக?"

"புகை" என்றேன். புகைதான். டாக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், நல்ல மனுஷன். உங்கள் அக்கா அவர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் மோர் கொண்டுவரப் போனாள். போகும்போது என் காதில் மட்டும் விழுகிற மாதிரி, "இவுக மேலயா கேசு போட்டீக?" என்று கேட்டாள். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலைத்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மோர் குடிக்கும்போது ரேஞ்சரம்மாவிடம், "அம்மா, நான்தான் உங்க மேல கேசு போட்டிருக்கேன், தெரியும்ல?" என்று கேட்டேன். "தெரியும்ங்கய்யா. உங்க தோப்பு, உங்களுக்குக் கேக்க உரிமை இருக்கு" என்றார்கள். கோபத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லவில்லை. கரி படிந்த கையால் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கங்கு பார்க்க மறுபடி மேலே ஏறிப் போனார்கள். டாக்டரும் மற்றவர்களும் வாரியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். மலை மனுஷர்களுக்கு அடங்காது, மனுஷர்கள் மலைக்கு ஆகமாட்டார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதிகாரியும் அபராதம் கட்டியவர்களும் ஒரே பாதையில் வரிசையாக ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எருமைகூடப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஆகவே மாப்பிள்ளை, வழக்கை வாபஸ் வாங்குங்கள். கோர்ட்டும் வேண்டாம், வாய்தாவும் வேண்டாம். இனி இந்த ஜென்மத்தில் கோர்ட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று அந்தப் பாறைமேல் சத்தியம் செய்திருக்கிறேன். ஊரில் யார் வழக்கு என்று பேசினாலும் எழுந்து போய்விடுகிறேன். மனசு பஞ்சு மாதிரி இருக்கிறது.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் பரீட்சை முடிந்ததும் இங்கே வரட்டும், பாதையைக் காட்டுகிறேன். உங்கள் வாதத்திறமை நாளுக்கு நாள் வளரவும், அதை என்மேல் பிரயோகிக்காமல் இருக்கவும் அம்மனை வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மச்சான்,
சுந்தரலிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ரேஞ்சரம்மா வந்தார்கள். உங்கள் மனுவைப் படித்துப் பார்த்ததில் நியாயம் இருப்பதாகத் தெரிகிறதாம். என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்று டாக்டரோடு கலந்து பேசி, பாதையின் கடைசிப் பகுதியை நம் வேலியிலிருந்து விலக்கி, மேற்கே என் பங்காளி ராக்கப்பன் தோப்போரமாக இறக்கப் போகிறார்களாம். அவன் அதற்குள் சம்மதித்து, வாசலில் மோர்ப்பந்தலே போட்டுவிட்டானாம். அப்படி என்னத்தை எழுதித் தொலைத்தீர்கள் மாப்பிள்ளை, ஒரு ரேஞ்சர் படித்ததும் நம்புகிற அளவுக்கு? ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். வாபஸ் மட்டும் போதாது. பாதை எங்கள் தோப்போரமாகத்தான் இறங்க வேண்டும், ஒரு முழம்கூட நகர்த்தக் கூடாது என்று தடை கேட்டுத் திங்கட்கிழமையே புது வழக்குப் போடுங்கள், நானே நேரில் வருகிறேன். பழைய மனுவில் சொன்னது அத்தனையும் பொய் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். எழுதியவர் நீங்கள்தானே, உங்களைவிட அதற்குத் தகுந்த வக்கீல் எனக்கு எங்கே கிடைப்பார்?